காயலான் கடைக்குப் போகும் லேசர்கள்

மதுரை திருமலை நாயக்கர் மகாலில் ஒலி-ஒளிக் காட்சி வந்தது 1981-ல். அதற்கு எட்டு வருடம் முன்பே, 1973-ல், லாஸ் ஏஞ்சலஸ் கிரிஃபித் வானாய்வகத்தில் 'லேசரியம்' என்று கிரிப்டான் லேசரையே பாட்டுக்கு ஆடவிட்டார்கள்.

அந்தக் காலத்து ஆர்கான், கிரிப்டான் லேசர்கள் சரியான மின்சாரத் தின்னிகள்! கிலோவாட் கணக்கில் விழுங்கிவிட்டு சில வாட் வெளிச்சம்தான் தரும். மீதியெல்லாம் சூடு. பெரியவற்றுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் (மதுரைக் கோடையில் நினைத்துப் பாருங்கள்...). தேய்மானம் கழித்தால் மதிப்பு பூஜ்யம், எடைக்குப் போடலாம் என்பார்கள்.

அது தப்புக்கணக்கு. இரு முனைக் கண்ணாடிகளையும் மயிரிழை மயிரிழையாகத் திருகி நேர்படுத்துவது பக்கத்தில் ஒருவர் நின்று சொல்லித்தர வேண்டிய வேலை. ஆளுக்கொரு பாகம் தேடித்தரும் ஆர்வலர்கள் சேர்ந்து பழையதை எரியவைத்தால்தான் அந்தக் கைப்பழக்கம் மிஞ்சும். ஆனால் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் யாரும் கிட்டே போகக்கூடாது. தெறிக்கும் ஒளியே பார்வையைப் பறித்துவிடும்.