முருங்கைக்கு ஓர் இடம்

செனாவாங்கில் மூலை வீடு வாங்கினோம். பக்கத்து நிலம் முழுக்க சிமெண்டு போட்டால் இரண்டு கார் நிறுத்தலாம் என்றான் மகன். ரப்பர் தோட்டத்து லயத்திலேயே அறுபதைக் கடந்த அம்மா கேட்டது ஒரு முருங்கை, ஒரு கருவேப்பிலை.

முதல் கன்று மஞ்சளித்துச் செத்தது. தாமான் கட்டும்போது மேல்மண்ணைப் புல்டோசர் வழித்துவிடுகிறது. மிஞ்சுவது இறுகிய செம்மண். ஓயாத மழையில் சுண்ணாம்புச் சத்து கரைந்து புளித்துப்போன மண் அது. டோலமைட் சுண்ணாம்பு போடுங்கள் என்றார் நர்சரிக்காரர். “லயத்துல அடுப்புச் சாம்பலைத்தானே போட்டோம்?” என்றார் அம்மா. இரண்டும் புளிப்பை முறிப்பவைதான். சாம்பலுக்கு வேகம் அதிகம். ஒரு கைப்பிடி போதும். மக்கிய இலையும் கலந்தோம்.

கால்வாயிலிருந்து பத்தடி தள்ளி இரண்டாவது கன்றை நட்டோம். அதனால் ஒரு கார் ரோட்டில் நிற்கிறது. மகனுக்கு இன்னும் கோபம்தான்.