எம்.ஏ. படித்து என்ன கிடைக்கும்?

திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பகுதியில் நம் வீடுகளில் ஒரு பிள்ளை வரலாறோ தமிழோ முதுகலை படிக்க விரும்பினால், முதலில் எழும் கேள்வி இதுதான். கேட்போர் பெரும்பாலும் வட்டிக்குக் கடன் வாங்கித் தனியார் பொறியியல் கல்லூரியில் மகனைச் சேர்த்தவர்கள். வட்டி ஹராம் என்று ஜும்ஆவில் கேட்டுவிட்டு, திங்கட்கிழமை வங்கி வாசலில் நிற்கிறோம். கண்மாய் நிரம்பாத இந்த மானாவாரி மண்ணில் அந்தக் கடனை அடைப்பதற்கே வளைகுடாவில் பத்தாண்டுகள் கழிகின்றன.

அரசுக் கல்லூரியில் எம்.ஏ. படிக்க அந்தக் கடன் தேவையில்லை. கல்லூரிக்குச் செல்ல இயலாத பெண்பிள்ளைகளுக்கு 1985இல் தொடங்கிய இந்திராகாந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2002இல் வந்த தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டங்கள் நேரடிப் பட்டங்களுக்கு இணையானவை என்று 2022இலேயே பல்கலைக்கழக மானியக் குழு தெளிவுபடுத்திவிட்டது. ஆயினும் "தபாலில் வந்த பட்டம்" என்ற ஏளனம் நம்மிடையே ஓயவில்லை.

பலன் இல்லையா? முதுகலைக்குப் பின் நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெறுபவருக்கு மாதம் 37,000 ரூபாய் கிடைக்கிறது. நம் தெருவில் எத்தனை பேர் அத்தேர்வின் பெயரையாவது அறிவர்? சிறுபான்மை ஆய்வாளர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையை ஒன்றிய அரசு 2022இல் நிறுத்தியபோது கண்டித்தோம், கண்டித்தது சரியே. ஆனால் அதைப் பெறும் தகுதிக்கு நம் பிள்ளைகளை அனுப்பியிருந்தோமா?

இலங்கைப் பாணந்துறையைச் சேர்ந்த ம.மு. உவைஸ், முஸ்லிம்களின் தமிழ்ப் பணியையே தம் முதுகலை ஆய்வுப்பொருளாக எடுத்துக்கொண்டார். 1953இல் அது நூலாயிற்று. பின்னர் அவர் நம் மாவட்டக் கல்லூரிகள் இணைந்துள்ள மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திற்கே இஸ்லாமியத் தமிழ் இலக்கியப் பேராசிரியராக வந்தார். அவர் அன்று பொருள் ஈட்டும் படிப்பையே நாடியிருந்தால், உமறுப்புலவருக்கு அப்பாலும் நமக்கொரு பெரும் இலக்கிய மரபு உண்டென்பதை நம்மில் எத்தனை பேர் அறிந்திருப்போம்? வரலாறு வீண் என்போர், இப்னு கல்தூன் எந்தத் துறையில் பெயர் பெற்றார் என்பதையும் சொல்லட்டும்.

புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் முதல் பட்டத்தோடு நின்றுவிடுகிறது. அரசுப் பள்ளியில் படித்த நம் பெண்பிள்ளைகள் பலர் அங்கேதான் வீட்டுக்குத் திருப்பப்படுகிறார்கள். மீதி ஈராண்டுகளுக்குப் பேருந்துக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் கொடுக்க ஒரு மஹல்லாவின் பைத்துல்மால் போதும். வரும் ஜமாஅத் கூட்டத்தில், வலீமா மண்டபத்துக்குக் குளிர்சாதனம் பொருத்துவது பற்றிப் பேசுவதற்கு முன் இதைப் பேசுங்கள்.