எரிகிறதா என்பதல்ல, எப்போது எரிகிறது

போன மாதம் ஓரிக்கையில், உத்திரமேரூர் சாலையோரப் பட்டறை ஒன்றில் பழைய அம்பாசிடர் ஒன்று டிக்கி நசுங்கி நின்றது. பின்னால் வந்த பைக் மோதியிருந்தது. "பிரேக் லைட்டே எரியலைங்க" என்றார் பைக்காரர். கார்க்காரர் சாவியைப் போட்டு, பெடலை ஓங்கி மிதித்துக் காட்டினார். இரண்டு பல்பும் பளிச்சென்று எரிந்தன. இருவரும் சொன்னது உண்மைதான்.

பழைய அம்பாசிடரில் பிரேக் லைட் சுவிட்ச் பெடலில் இல்லை, பிரேக் பைப்பில் இருக்கிறது. ஆயில் அழுத்தம் ஏறினால்தான் உள்ளே காண்டாக்ட் சேரும். வயதான சுவிட்ச் கூடுதல் அழுத்தம் கேட்கும். சாலையில் டிரைவர் மெல்லத் தொட்டு வேகம் குறைக்கும்போது விளக்கு எரியாது. பட்டறையில் நாம் மிதிக்கும் மிதிக்கு எரியும். 'ஓகே' சொல்லி அனுப்பிவிடுகிறோம்.

சுவிட்சின் இரண்டு வயரையும் கழற்றி டைரக்ட் கொடுத்துப் பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். லூகாஸ் வயரிங்கில் பச்சை வயருக்கு சாவி போட்டால்தான் கரண்ட் வரும். அதை மறந்து நல்ல பல்பை மாற்றியவர்கள் நம்மில் உண்டு. மீட்டரை கன்டினியூட்டியில் வைத்து 'பீப்' கேட்டதும் திருப்திப்படுவதுதான் எனக்கு உடன்பாடில்லாதது. மீட்டர் அனுப்புவது மில்லி ஆம்பியர். 21 வாட் பல்பு இரண்டு இழுப்பதோ சுமார் 3.5 ஆம்பியர், இழை குளிர்ந்திருக்கும் முதல் நொடியில் அதைப்போல் பல மடங்கு. காண்டாக்ட் கருகுவது அங்கேதான். ஆகவே வயர்களைக் கழற்றாமல், மீட்டரை வோல்ட்டில் வைத்து சுவிட்சின் இரு முனைகளிலும் தொடுங்கள். மிதிக்காதபோது பேட்டரி வோல்ட் காட்டும். மிதித்தால் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். அரை வோல்ட் நின்றாலே அந்த சுவிட்சை நான் கழற்றிவிடுவேன். பெடலையும் காலால் அல்ல, கையால் அழுத்திப் பாருங்கள். அதற்கே எரிந்தால்தான் சுவிட்ச் நல்லது.

டெர்மினலில் ஈரம் தெரிந்தால் அது விளக்குப் பிரச்சினையே இல்லை, பிரேக் பிரச்சினை. இங்கேதான் நம் தொழிலில் ஒரு தப்பித்தல் நடக்கிறது. சுவிட்சை மாற்றினால் ஏர் எடுக்க வேண்டும்; அது பிரேக்காரர் வேலை என்று, எலக்ட்ரீஷியன் பெடலில் ஒரு மெக்கானிக்கல் சுவிட்சை மாட்டிவிட்டு, கசியும் பழையதைப் பைப்பிலேயே விட்டுவிடுகிறார். பெடல் சுவிட்ச் நல்ல மாற்றுதான். ஆனால் பழையதைக் கழற்றி, அந்த இடத்தை அடைத்து, ஏர் எடுத்துவிட்டுத்தான் அதைச் செய்ய வேண்டும். ரிலே போட்டு காண்டாக்டின் சுமையைக் குறைப்பதும் நல்லதே. ஆயில் கசிவை ரிலே நிறுத்தாது.

திருமழிசை ஆழ்வாரோடு பெருமாள் ஓரிரவு தங்கிய இருக்கை என்பதால்தான் ஓரிக்கை என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். சந்தேகமான வண்டியையும் ஓரிரவு தங்க வையுங்கள். சுவிட்சைத் துடைத்து, பத்து முறை நன்றாக மிதித்துவிட்டு, வெள்ளைக் காகிதம் சுற்றிக் கட்டுங்கள்.

அந்த அம்பாசிடருக்கும் அப்படித்தான் கட்டினோம். காலையில் காகிதம் நனைந்திருந்தது. டிக்கியைத் தட்டி நிமிர்த்த வந்தவர், நாலு சக்கரத்துக்கும் ஏர் எடுத்து முடிக்கும்வரை மதியம் தாண்டிக் காத்திருந்தார்.