புழக்கடைக்கு வரும் விருந்தினர்

மார்கழி பிறந்ததும் நம் மாணாக்கர் பலர் வேடந்தாங்கலுக்குப் புறப்பட்டுவிடுகின்றனர். அது நன்றே. சிப்பாய்கள் தம் ஏரிப் பறவைகளைச் சுடுவது பொறாது அவ்வூரார் முறையிட, 1798-ஆம் ஆண்டை ஒட்டிக் கலெக்டர் லயனல் பிளேஸ் அப்பறவைகளுக்குக் காப்பளித்தார். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் தம் வயலுக்கு உரமாதலை அவ்வுழவர் அறிந்திருந்தனர். ஆயினும் பதினாயிரம் கொக்கு நாரைகளைக் கண்டு மீள்வோர், தம் வீட்டுக் கிணற்றடியில் எது வந்தமர்கின்றது என்பதை அறியாதிருத்தல் எமக்கு வியப்பாகவே உள்ளது.

சென்ற மார்கழியில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் நண்பர் ஒருவர் இல்லத்தில் இரு நாள் தங்கினோம். சிப்காட் தொழிற்பேட்டையால் இன்று பெயர் பெற்ற ஊர் அது. இரவு முழுதும் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் பேருந்துகளின் ஓசை ஓயவில்லை. விடியலில் புழக்கடைத் துவைகல்லின்மேல் அமர்ந்து, கால் மணி நேரம் எண்ணினோம். காகமும் மைனாவும் எண்ணத் தொடங்குமுன்னரே வந்துவிட்டன. முருங்கைப் பூவில் ஊதாத் தேன்சிட்டு இரண்டு. சருகைப் புரட்டிக்கொண்டு தவிட்டுக்குருவி ஏழு. குளித்த நீர் பாயும் வாழைப்பாத்தியில் ஒரு மடையான். மின்கம்பியில் கரிச்சானும் பச்சைப் பஞ்சுருட்டானும். அப்பால் செண்பகமும் வால்காக்கையும். கொடுக்காப்புளி வேலிக்குள்ளிருந்து ‘சக், சக்’ என்றொரு குரல் மட்டும் வந்தது. அது நாணல் கதிர்க்குருவி. பத்துப் பன்னிரண்டு கிராம் எடையே உள்ள அச்சிற்றுயிர் இமயத்துக்கு அப்பாலிருந்து வருவது.

அவ்வேலியின் உச்சிக் கிளையிலே பழுப்புக் கீச்சான் ஒன்று வீற்றிருந்தது. அதனோடு 11 வகையாயின. சைபீரியா, மங்கோலியா முதலிய நாடுகளிற் குஞ்சு பொரித்து, குளிர்காலத்துக்கு இங்கு வருவது அப்பறவை. காலில் வளையமிட்டு ஆராய்ந்தோர், அது ஆண்டுதோறும் பெரும்பாலும் முன்பு தங்கிய இடத்துக்கே திரும்பி வருவதைக் கண்டுள்ளனர். எனவே அடுத்த ஐப்பசியிலும் அது இவ்வேலியைத் தேடி வருதல் கூடும். வேலி இருக்க வேண்டுமே!

பனி உறையும் மேல்நாடுகளிலே குளிர்காலத்திற் பறவைகளுக்கு இரை வைப்பது வழக்கம்; தரையெல்லாம் பனி மூடிக்கிடக்க, அவை வேறென் செய்யும்? அதைக் கண்டு நம்மவரும் தட்டு வாங்கித் தொங்கவிடுகின்றனர். இங்கோ மார்கழி பஞ்சகாலமன்று. வடகிழக்குப் பருவமழை பெய்து ஏரி நிறைந்து, புழுபூச்சி மலிந்திருக்கும் காலம். அரிசி இடுவது புண்ணியமாகலாம். கீச்சான் அரிசி தின்னாது. அது வேண்டுவது ஒரு முட்கிளையும், மருந்து தெளியாத சிறு நிலமுமே.

தொழிற்சாலை வேண்டா என்பது எம் கருத்தன்று. 2024-இல் அவ்வூரில் மகளிர் தொழிலாளர் 18,720 பேர் தங்குவதற்கான விடுதி திறக்கப்பட்டது. அவர்தம் ஊதியத்தால் எத்தனை குடும்பங்கள் தழைக்கின்றன! ஆனால் அவ்விடுதிக்குப் புழக்கடை ஏது? ஊர் இவ்வாறு மாறுகின்ற காலத்தே, இன்று இங்கு எவை உள்ளன என எழுதி வையாவிடின், நாளை எவை போயின என்று சொல்லுவார் யார்?

1900-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளில், அமெரிக்கர் தம் பண்டிகை வேட்டையை விடுத்துப் பறவைகளை எண்ணுமாறு பிராங்க் சாப்மன் வேண்ட, 27 பேர் 25 இடங்களில் எண்ணினர். தமிழ்நாட்டிலும் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகின்றது. கால் மணி நேரம் நின்று எண்ணி, இ-பேர்டு இணையதளத்தில் பதிந்தாற் போதும். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணாக்கரே, வேடந்தாங்கலை ஏற்கெனவே பலர் எண்ணுகின்றனர். உங்கள் கிணற்றடியை எண்ண உங்களையன்றி ஆளில்லை.

எம் நண்பர் தை பிறந்ததும் வேலியை அகற்றி மதில் எழுப்பக் கருதியுள்ளார். செங்கல்லும் வந்திறங்கிவிட்டது. வடபுறத்துக் கொடுக்காப்புளியையேனும் விட்டுவைக்குமாறு வேண்டி, கீச்சானைப் பற்றியும் விவரித்து ஒரு கடிதம் வரைந்துள்ளோம். மறுமொழி இன்னும் வரவில்லை.