ஏற்றினால் போதுமா? எட்ட வேண்டாமா?

துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது! ஆண்டுதோறும் ஐப்பசி, கார்த்திகையில் ஏடுகளிலே நாம் காணும் செய்தி இது. ஒன்றாம் எண் என்றால் தொலைவிலே ஏதோ உருவாகிறது என்று பொருள். எண் ஏற ஏற ஆபத்து நெருங்குகிறது. பகலிலே உருளையும் கூம்பும், இரவிலே விளக்கு. எழுத்தறியாத ஏழையும் ஏறிட்டுப் பார்த்தால் புரிந்துகொள்வான்.

பத்தாம் எண் பெரும் ஆபத்து. அதற்கும் மேலே ஓர் எண் உண்டு, பதினொன்று! பத்தைவிடப் பெரிய புயலா அது? இல்லை, தோழர்களே! வானிலை எச்சரிக்கை மையத்தோடு இருந்த தொடர்பே அறுந்துவிட்டது என்பதைக் காட்டத்தான் பதினொன்று. புயலின் உச்சத்துக்கும் மேலான ஆபத்தாகச் செய்தி அற்றுப்போவதை வைத்தார்கள் கடலறிந்தவர்கள். அந்த அறிவைத்தான் அரசு நடத்துவோர் முன்னே இன்று எடுத்து வைக்க விரும்புகிறோம்.

இன்று அரசின் கூண்டு கம்பத்திலே மட்டும் தொங்கவில்லை; உழைப்பவன் சட்டைப் பையிலே, கைபேசியிலே இருக்கிறது. பட்டா வேண்டுமா, இணையதளம். சாதிச் சான்று வேண்டுமா, இ-சேவை மையம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கடலுக்குப் போகக் கூடாது என்கிற தடைக்காலத்துக்கு நிவாரணம் எப்போது என்று அறிய வேண்டுமா, குறுஞ்செய்தி. கடலிலே காற்று எப்படி என்று தெரிய வேண்டுமா, அதற்கொரு செயலி. இவற்றையெல்லாம் எழுதி, படம் போட்டு, தமிழாக்கி, அதிகாரியிடம் ஒப்புதல் வாங்கி வெளியிட அரசுகளிலே ஒரு பிரிவு இருக்கிறது. டிஜிட்டல் உள்ளடக்கப் பிரிவு என்கிறார்கள். அந்தப் பிரிவின் வேலைகளை ஒன்றுசேர்த்து, குறித்த நாளிலே குறித்தவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பைத் தலைமையேற்று நடத்த ஒருவர் வேண்டும்.

அது என்ன பெரிய பதவி என்று கேட்கலாம். கொடி பறக்கும் கார் இல்லை. மாலை இல்லை, மேடை இல்லை. ஆனால் அந்த நாற்காலி காலியாக இருந்தால், அல்லது அதிலே கடமை உணராதவர் அமர்ந்திருந்தால், அமைச்சரவை எடுத்த நல்ல முடிவும் கோட்டையின் கோப்பிலேயே குடியிருக்கும். குப்பத்துக்கு வந்து சேராது!

தூத்துக்குடித் தொழிலாளிக்கு இதை நாம் விளக்கத் தேவையில்லை. இந்த ஊர்த் தோணி மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோகிறது. "சரக்கை ஏற்றிவிட்டேன், என் வேலை முடிந்தது" என்று எந்தத் தண்டலாவது சொன்னதுண்டா? சரக்கு எதிர்க்கரையிலே இறங்கி, உரியவன் கையிலே சேர்ந்து, எண்ணிக்கை சரியென்று அவன் சொன்ன பிறகுதான் தண்டலுக்குத் தூக்கம் வரும். ஆனால் அரசு அலுவலகத்திலே கேட்டுப் பாருங்கள். "அறிவிப்பை இணையதளத்தில் ஏற்றிவிட்டோம்" என்பார்கள். ஏற்றினீர்கள் ஐயா, இறங்கியதா? யார் கையிலே இறங்கியது? படித்தவனுக்குப் புரிந்ததா? புரிந்தவன் அதன்படி நடக்க முடிந்ததா? இந்த நான்கு கேள்விக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்தான் நாம் பேசுகிற பொறுப்பாளர்.

இந்தக் கடற்கரையிலே முத்துக்குளித்த காலத்தை எண்ணிப் பாருங்கள். 1961-இல் நடந்ததுதான் தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு. கல்லைக் கட்டிக்கொண்டு ஒருவன் கடலடிக்குப் போவான். படகிலே ஒருவன் கயிற்றைப் பிடித்திருப்பான். கீழே இருப்பவன் கயிற்றைச் சுண்டினால் மேலே இருப்பவன் அந்தக் கணமே இழுக்க வேண்டும். அதனால் கயிறு பிடிக்க மனைவியின் உடன்பிறந்தானையே வைப்பார்கள் என்று கடற்கரையோர் சொல்வதுண்டு. தமக்கையின் தாலிக்கு அவன்தானே காவல்! முத்து எடுத்தவனுக்குப் பெயர் கிடைத்தது. கயிறு பிடித்தவனுக்குப் பெயர் இல்லை. ஆனால் அவன் கண்ணயர்ந்தால் முத்தும் இல்லை, மூச்சும் இல்லை. அரசின் சொல்லை மக்களிடம் சேர்ப்பவன் அந்தக் கயிறு பிடிப்பவன்.

மொழிக்கு வருவோம். போர்ச்சுகீசியப் பாதிரியார் அன்ரிக் அடிகளார் இந்த முத்துக்குளித்துறைக்கு வந்தார். தன் மதத்தைப் பரப்ப வந்தவர்தான். ஆனால் மீன்பிடிப்பவனிடம் இலத்தீனில் பேசி என்ன பயன் என்று அவர் அறிந்திருந்தார். தமிழைக் கற்றார். 1578-இல் கொல்லத்திலே "தம்பிரான் வணக்கம்" தமிழ் எழுத்திலே அச்சேறியது. 1586-இல் "அடியார் வரலாறு" புன்னைக்காயலிலே அச்சானதாக வரலாற்றாளர் கூறுவர். புன்னைக்காயல் எங்கோ இல்லை. தாமிரபரணி கடலோடு கலக்கும் இடம், இதே மாவட்டம். கடல் கடந்து வந்தவனுக்கு நானூறு ஆண்டுக்கு முன்பே தெரிந்த உண்மை, ஆங்கிலத்திலே எழுதி அப்புறம் அரைகுறையாகப் பெயர்த்துப் போடுகிற நம்மூர் அதிகாரிகளுக்குத் தெரியாமல் போகலாமா?

கணினியிலே தமிழ் ஏறியதும் தானாக நடந்ததல்ல. 1999 பிப்ரவரியிலே சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. கலைஞர் ஆட்சி கூட்டிய மாநாடு. ஆளுக்கொரு விசைப்பலகை என்றிருந்த குழப்பத்துக்கு முடிவாகத் தமிழ்99 பிறந்தது. 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கிற்று. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரிலே நூல்களை மின்னூலாக்கி உலகத் தமிழருக்கு வழங்குகிறது. 2010-இல் கோவைச் செம்மொழி மாநாட்டின்போது ஒருங்குறி அரசின் தரமாக அறிவிக்கப்பட்டது. எழுத்தைக் கொடுத்தது இந்த இயக்கம். எழுத்தைக் கொடுத்தாயிற்று, இனி அந்த எழுத்திலே எழுதப்படுவது மீனவனின் தமிழா, மேசையின் தமிழா என்பதுதான் கேள்வி.

எடுத்துக்காட்டாக ஒன்று பாருங்கள். "மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் சூறாவளிக்காற்று வீசக்கூடும்" என்று அறிக்கை வருகிறது. தவறில்லை, அறிவியல்தான். ஆனால் திரேஸ்புரத்திலே நாட்டுப்படகில் கால் வைக்கிறவன் கேட்பது வேறு. இன்று போகலாமா, கூடாதா? போனவன் எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும்? எந்தக் கரை பக்கம்? வாடையையும் கொண்டலையும் கச்சானையும் தோலிலே அறிந்தவனிடம் வெறும் எண்ணை மட்டும் நீட்டுவது, பசித்தவனுக்கு நெல்லைக் காட்டுவது போன்றது. குற்றிச் சோறாக்கிக் கொடுப்பதற்குத்தானே உள்ளடக்கப் பிரிவு!

இவை வெறும் நடைநயம் பற்றிய பேச்சல்ல. உயிர் பற்றிய பேச்சு. 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயலாக உருவெடுத்தபோது, ஆழ்கடலிலே தங்கி மீன்பிடிக்கப் போன குமரி மாவட்டத்தார் பல நாட்களுக்கு முன்பே கரையை விட்டிருந்தார்கள். கைபேசி அலை கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரோடு நின்றுவிடும். எச்சரிக்கை கரையிலே ஒலித்தது. கேட்க வேண்டியவன் நடுக்கடலிலே இருந்தான். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் எத்தனை குடும்பம் கண்ணீரில் மூழ்கிற்று! அதற்குப் பிறகுதான் 2019-இல் செயற்கைக்கோள் வழியாக நடுக்கடலுக்குச் செய்தி சொல்லும் 'ஜெமினி' கருவியை ஒன்றிய அரசு அறிமுகம் செய்தது. கருவி பிணத்துக்குப் பின்னே வந்தது. முன்னே வர வைப்பதுதான் திட்டம்.

2018 மே 22. இந்தத் தூத்துக்குடி மண்ணிலே, ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்து நின்ற மக்கள்மீது துப்பாக்கி சுட்டது. 13 உயிர் போயிற்று. அடுத்த நாள் அன்றைய ஆட்சி என்ன செய்தது? மருத்துவமனையிலே யார் இருக்கிறார்கள், காணாமற்போனவர் எங்கே என்று தவித்த தாய்க்குத் தகவல் தந்ததா? தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்டங்களில் இணையத்தை முடக்க உத்தரவிட்டது! தன் சொல்லையும் தரவில்லை, மக்கள் சொல்லையும் பறித்தது. முதலமைச்சராக இருந்த எடப்பாடி பழனிசாமியோ, தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டதாகச் சொன்னார். அந்தக் கூற்று சரியல்ல என்று நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் பின்னர் எழுதிற்று. ஆட்சியே கைவைத்து ஏற்றிய பதினொன்றாம் எண் கூண்டு அது!

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்திலே ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி ஊருக்குள்ளே வந்தது. ஏறத்தாழ 800 பயணிகளோடு செந்தூர் விரைவு ரயில் திருவைகுண்டத்திலே வெள்ளத்துக்கு நடுவே நின்றது. மின்சாரம் போயிற்று, கைபேசிக் கோபுரம் ஓய்ந்தது. பிறகு என்ன நடந்தது? முன்னதாகவே சொன்னோம் என்றது ஒன்றிய அரசு. சொன்ன அளவு வேறு, பெய்த அளவு வேறு என்றது மாநில அரசு. வாதத்திலே நமக்கு நம் பக்கம் உண்டு. ஆனால் மாடியிலே பிள்ளையைத் தோளிலே தூக்கி நின்றவனுக்கு வேண்டியது வாதம் அல்ல. "இத்தனை மணிக்குள் இந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போ" என்கிற ஒரு வரி. அந்த வரியை எழுதும் அதிகாரமும், மின்சாரம் போனபின் அதை எட்டச் செய்யும் ஏற்பாடும் முன்கூட்டியே ஒருவர் கையிலே இருக்க வேண்டும். வெள்ளம் வந்தபிறகு கோப்பு அனுப்பி ஒப்புதல் கேட்க முடியுமா?

நல்ல வழியும் நாம் கண்டிருக்கிறோம். 2023 செப்டம்பரிலே கலைஞர் மகளிர் உரிமைத் தொகை ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சென்றது. விண்ணப்பம் ஏற்கப்படாதவர்களுக்கு ஏன் ஏற்கப்படவில்லை என்ற காரணம் குறுஞ்செய்தியிலே சொல்லப்படும், 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று அறிவிக்கப்பட்டது. "இல்லை" என்பதற்கும் காரணம் சொல்லக் கடமைப்பட்டது அரசு என்ற எண்ணம் இருக்கிறதே, அதுதான் மக்களாட்சி!

உலகமும் இந்த வழிக்கு வந்திருக்கிறது. பிரிட்டனிலே துறைக்கொரு தளம், வாரியத்துக்கொரு தளம் என்று சிதறிக் கிடந்ததை 2012 அக்டோபரிலிருந்து ஒரே தளத்தின்கீழ்க் கொண்டுவந்தார்கள். 300-க்கும் மேற்பட்ட அமைப்புகளின் தளங்கள் அதிலே அடங்கின. ஒன்பது வயதுப் பிள்ளை படிக்கும் எளிமையிலே எழுது என்று எழுதுவோருக்கு விதி வகுத்தார்கள். வெள்ளைக்காரன் செய்தான் என்பதற்காக நாம் இதைச் சொல்லவில்லை. வ.உ.சி. அவன் கப்பலுக்கு எதிராகக் கப்பல் விட்ட ஊர் இது. அவனால் முடிந்தது நம்மால் முடியும் என்பதற்காகச் சொல்கிறோம்.

ஆகவே, கோட்டையிலே யார் அமர்ந்தாலும், நாம் கேட்பது இது:

ஒவ்வொரு அறிவிப்புக்கும் பொறுப்பாளர் ஒருவர் இருக்கட்டும். பத்துப் பேர் பொறுப்பு யாருடைய பொறுப்பும் அல்ல. தமிழிலே முதலில் எழுதுங்கள். பெயர்ப்பு ஆங்கிலத்துக்கு நடக்கட்டும். வெளியிடுமுன் பயனாளி ஐந்து பேரைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அவர்கள் தடுமாறும் இடம் எழுதியவன் திருத்த வேண்டிய இடம். காலாவதியான அறிவிப்பை அகற்றுங்கள். போன ஆண்டு நிவாரணப் படிவத்தை நம்பி ஒருவன் ஒருநாள் கூலியை இழப்பது கொடுமை. இணையம் அற்றபோது ஒலிபெருக்கி, வானொலி, ஆள் என மாற்றுவழி வையுங்கள். எத்தனை பக்கம் ஏற்றினோம் என்று கணக்குச் சொல்லாதீர்கள். எத்தனை பேருக்குக் காரியம் முடிந்தது என்று கணக்குக் காட்டுங்கள்!

"ஒப்புதலுக்குக் காலம் பிடிக்கும், தவறாகச் சொல்லிவிட்டால் யார் பொறுப்பு?" என்று அதிகாரிகள் கேட்பார்கள். நியாயமான அச்சம்தான். அதனால்தான் தலைமை வேண்டும் என்கிறோம். எதை அமைச்சர் பார்க்க வேண்டும், எதைப் பொறுப்பாளரே வெளியிடலாம் என்று மழைக்கு முன்பே வரையறுத்துவிட்டால் மழையன்று தடுமாற்றம் இல்லை. அரசு பேசாத இடம் காலியாக இராது. அங்கே வாட்ஸ்அப் வதந்தி வந்து உட்கார்ந்துகொள்ளும். வதந்திக்கு ஒப்புதல் தேவையில்லையே!

தோழர்களே, இது அதிகாரிகள் வேலை என்று நாம் ஒதுங்கிவிடலாமா? இந்த இயக்கம் எதனால் வளர்ந்தது? படிப்பகத்தால் வளர்ந்தது. தேநீர்க் கடையிலே ஒருவன் ஏட்டை உரக்கப் படிக்க, எழுத்தறியாத பத்துப் பேர் சுற்றி நின்று கேட்டு, கேள்வி எழுப்பி வளர்ந்தது. ஏற்றுவதற்கும் எட்டுவதற்கும் இடையிலே இருந்த கடலை அன்று தொண்டன்தான் தாண்டினான். இன்றும் அவனுக்கு வேலை இருக்கிறது. அரசு அறிவிப்பு ஒன்றைக் கையிலே எடுத்துக்கொள்ளுங்கள். மீன்பிடித் துறைமுகத்துக்குப் போங்கள், உப்பளத்துக்குப் போங்கள், சரக்கு இறக்கும் தோழனிடம் போங்கள். படித்துக் காட்டுங்கள். எந்தச் சொல் புரியவில்லை, எந்தக் கேள்விக்கு விடை இல்லை என்று குறித்து, துறைக்கு எழுதுங்கள். பதில் வரும்வரை எழுதுங்கள்.

மக்களுக்குப் புரியாத ஆட்சி மக்களாட்சி ஆகாது. கரையிலே நிற்பவனுக்கு மட்டுமன்று, கடலிலே நிற்பவனுக்கும் அரசின் சொல் கேட்க வேண்டும். கேட்கும்வரை நாம் கேட்போம்!