எண்ணெய்க் கம்பெனியும் ஆடிக் காற்றும்

நெசவாளரும் பயிரிடுவோரும் அங்கத்தினராக உள்ள சங்கங்களின் இதழில் எண்ணெய்க் கம்பெனியைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே, விடையும் எளியதே. வயலுக்கு இடும் யூரியா பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து ஆக்கப்படுகிறது. நூலுக்கு ஏற்றும் செயற்கைச் சாயங்கள் பெட்ரோலியத்தை மூலப்பொருளாகக் கொண்டவை. உழவு செய்யும் டிராக்டரும், துணி மூட்டைகளை ஏற்றிச் செல்லும் லாரியும் டீசலால் ஓடுகின்றன. எண்ணெய் விலை ஏறினால், நெசவாளரின் கூலி ஏறாதபோதும் அவருடைய செலவு ஏறிவிடுகிறது. ஆகவே, நாட்டின் எண்ணெய்க் கம்பெனி எத்திசையில் நடக்கிறது என்பது நம் வீட்டு அடுப்பையும் தறியையும் தொடும் விஷயமாகும். அக்கம்பெனி இப்போது காற்றாலையின் பக்கம் திரும்பியிருக்கிறது. நாமோ காற்றின் வழியிலேயே வசிப்பவர்கள். பேசுவதற்கு இதனினும் தக்க காரணம் வேண்டுமோ?

முதலில் வரலாற்றைச் சிறிது காண்போம். விடுதலை பெற்ற காலத்தில் இந்நாட்டின் எண்ணெய் வாணிபம் பர்மா ஷெல், கால்டெக்ஸ் முதலிய அயல்நாட்டுக் கம்பெனிகளின் கையில் இருந்தது. எண்ணெயைத் தேடி எடுக்கும் பொறுப்பு அரசாங்கத்தினுடையதாக வேண்டும் என்று கே.டி. மாளவியா போன்றோர் வாதாடினர். அதன் பயனாக 1956ஆம் ஆண்டு ஆகஸ்டு 14ஆம் தேதி எண்ணெய், இயற்கை எரிவாயு ஆணையம் அமைந்தது. 1958இல் குஜராத்தின் காம்பேயிலும், 1960இல் அங்கலேஷ்வரிலும், 1974இல் பம்பாய்க் கடலிலும் எண்ணெய் காணப்பட்டது. 1993இல் ஆணையம் கம்பெனியாக மாறியது. ஓ.என்.ஜி.சி. என்று அழைக்கப்படும் இக்கம்பெனியின் பங்குகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 59 இன்றும் மத்திய அரசாங்கத்திடமே உள்ளன. எனவே இது மக்களின் சொத்து என்று கூறுவதில் மிகை ஏதும் இல்லை.

ஆனால் சொத்து மக்களுடையதாயினும், நிலம் கொடுத்த மக்களுக்கும் அதற்கும் இடையே உறவு சுமுகமாக இருந்ததா? காவிரிப் படுகையைப் பார்ப்போம். நரிமணம், குத்தாலம், கோவில்களப்பால் முதலிய இடங்களில் நெல் வயல்களின் நடுவே எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கப்பட்டு வந்துள்ளன. 2017ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் தஞ்சை மாவட்டத்துக் கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து வயலில் எண்ணெய் பரவியதையும், அதைத் தொடர்ந்து கிளர்ச்சி எழுந்ததையும் எல்லோரும் அறிவர். அதே ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசலில் குடியானவர்கள் நெடுநாள் அறப்போர் நடத்தினர். இறுதியில் 2020இல் தமிழ்நாடு சட்டமன்றம் காவிரிப் படுகைப் பகுதிகளைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் இயற்றிற்று. அங்கே புதிய எண்ணெய்க் கிணறுகளுக்கு இடமில்லை என்றாயிற்று.

இந்த வரலாற்றில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. கம்பெனி பொதுத்துறையைச் சேர்ந்தது என்பதால் மட்டும் வயலுக்குரியவன் அதன் பங்காளி ஆகிவிடுவதில்லை. அவனிடம் நிலம் வாங்கினார்கள், நஷ்டஈடு கொடுத்தார்கள், கணக்கு அத்துடன் முடிந்தது. கிணற்றின் லாபத்தில் அவனுக்குப் பங்கில்லை. குழாய் கசிந்தால் மட்டும் துன்பத்தில் பங்கு உண்டு.

இனி அக்கம்பெனி காற்றுக்கு வந்த கதை. குஜராத்தின் கட்சுப் பகுதியில் 2008இல் 51 மெகாவாட் ஆற்றலுள்ள காற்றாலைகளை அது நிறுவியது. பின்னர் ராஜஸ்தானத்து ஜெய்சல்மேரில் 102 மெகாவாட் சேர்ந்தது. இவையெல்லாம் சிறு தொடக்கமே. 2030க்குள் 10,000 மெகாவாட் மாசற்ற மின்சாரம் என்பது இப்போது அதன் குறிக்கோள். 2025இல் 288 மெகாவாட்டுக்கு மேற்பட்ட காற்றாலைகளை உடைய பி.டி.சி. எனர்ஜி கம்பெனியை அது விலைக்கு வாங்கியது. அதே ஆண்டில் என்.டி.பி.சி.யுடன் கூட்டாக, ஏறக்குறைய 4,100 மெகாவாட் திட்டங்களைக் கொண்ட அயனா கம்பெனியையும் வாங்கியது. எண்ணெயில் கிடைத்த பொதுப் பணம் காற்றிலும் வெயிலிலும் பாய்கிறது. இதனை நாம் வரவேற்கிறோம். ஆயினும் காவிரிப் படுகையில் நடந்தது காற்றாலையிலும் நடக்கலாகாது என்பதே நமது கவலை.

அக்கவலைக்குக் காரணம் நமது மாவட்டத்திலேயே இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக் காற்று புகுந்து, உடுமலை, தாராபுரம் சமவெளிகளைக் கடந்து வீசுகிறது. பழனிக்கும் தாராபுரத்துக்கும் இடையே உள்ள நமது கீரனூருக்கு ஆடிக் காற்றைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டுவதில்லை. தமிழ்நாட்டில் 1986இல் தூத்துக்குடிப் பக்கம் அரசாங்கம் மாதிரிக் காற்றாலைகளை நிறுவியது. இன்று மாநிலத்தின் காற்றாலைகளின் மொத்த ஆற்றல் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. அவற்றில் பெரும்பகுதி யாருடையவை? நூற்பாலைகள், சிமெண்டு ஆலைகள், மின் வியாபாரக் கம்பெனிகள் ஆகியோருடையவை. காற்றுக்குப் பட்டா கிடையாது. காற்றாலை நிற்கும் மண்ணுக்கோ பட்டா உண்டு. அந்தப் பட்டாவை வறட்சி ஆண்டில் ஒரே தவணைப் பணத்துக்குக் கிரயம் செய்து கொடுத்துவிட்டு, இருபத்தைந்து ஆண்டுக் காலம் அந்த இறக்கைகள் சுழல்வதை வேலிக்கு வெளியே நின்று பார்க்கும் குடியானவர் பலர். கோவை, திருப்பூர் நூற்பாலை தன் காற்றாலையால் மின்செலவைக் குறைத்துக்கொள்கிறது. அதன் நூலை வாங்கும் நெசவாளர் சங்கத்துக்கு அந்த வழி இல்லை.

வேறு வழி உண்டா என்றால், உண்டு. டென்மார்க்கு நாட்டின் தலைநகரான கோபன்ஹேகனுக்கு அருகே கடலில் மிடில்குருண்டன் என்னும் இடத்தில் 2000ஆம் ஆண்டில் இருபது காற்றாலைகள் நிறுவப்பட்டன. மொத்தம் 40 மெகாவாட். பத்து ஆலைகள் நகரின் மின்சார ஸ்தாபனத்துக்கு. மற்றப் பத்தும் எட்டாயிரத்துக்கு மேற்பட்ட அங்கத்தினர் பங்கு வாங்கிச் சேர்ந்த ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கு. பின்னாளில் நகரின் பாதி டாங் என்னும் கம்பெனியிடம் சேர்ந்தது. டாங் என்பது 1972இல் டென்மார்க்கு அரசாங்கம் தொடங்கிய எண்ணெய், எரிவாயுக் கம்பெனி. 2017இல் அது எண்ணெய்த் தொழிலை விற்றுவிட்டு, ஓர்ஸ்டெட் எனப் பெயர் மாற்றிக்கொண்டு காற்றாலைக்கே தன்னை ஒப்புக்கொடுத்தது. ஆக, அரசாங்க எண்ணெய்க் கம்பெனியும் சாமானியர்களின் கூட்டுறவுச் சங்கமும் ஒரே கடலில் பாதிக்குப் பாதி நின்றன. மேலும், 2009 முதல் அந்நாட்டில் புதிய காற்றாலை நிறுவுவோர் நூற்றுக்கு இருபது பங்குகளையாவது சுற்றுப்புறத்தாருக்கு அளிக்க முன்வர வேண்டும் என்று சட்டம் இருந்தது. 2020இல் அதற்குப் பதிலாக வேறு ஏற்பாடு வந்ததாயினும், ஒரு தலைமுறைக்கு அது வழிகாட்டியது.

டென்மார்க்கு தொலைவில் உள்ளது என்பவர்களுக்கு அருகிலேயே சான்று உண்டு. மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி 2006இல் ரூ. 1.55 கோடி செலவில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. பணத்தில் ஒரு பகுதி ஊராட்சியின் சேமிப்பு. பெரும்பகுதி வங்கிக் கடன். ஊரின் மின் தேவை போக மிச்சத்தை மின் வாரியத்துக்கு விற்று வருவாய் ஈட்டியது. ஓர் ஊராட்சியால் முடிந்தது. தெலங்கானாவின் சிர்சில்லாவோ தறிகள் நிறைந்த ஊர். அங்கே 1970இல் தொடங்கிய கூட்டுறவு மின் வழங்கு சங்கம் அரை நூற்றாண்டுக்கு மேல் வீட்டுக்கும் வயலுக்கும் தறிக்கும் மின்சாரம் வழங்கி வந்திருக்கிறது. மின்சாரம் கூட்டுறவுக்கு எட்டாத பொருள் என்ற எண்ணம் இனியும் நீடிக்க நியாயமில்லை.

சங்கக் கணக்குகளைப் பார்ப்பதே நமது தொழிலாதலால், எதிர்வாதங்களையும் மறைக்க மாட்டோம். காற்றாலைக்குப் பெருமுதல் வேண்டும். வைகாசி முதல் புரட்டாசி வரை காற்று வாரி வழங்கும். மற்ற மாதங்களில் கையை விரித்துவிடும். இயந்திரம் பழுதானால் செலவு பெரிது. மின் வாரியம் கொடுக்க வேண்டிய பணம் தாமதமாகும் காலமும் உண்டு. நூல் கொள்முதலுக்கே நடைமுறை மூலதனம் போதாமல் தவிக்கும் நெசவாளர் சங்கம் தன் ஒதுக்கு நிதியைக் காற்றில் போடுமாறு நாம் ஒருபோதும் கூறமாட்டோம். அங்கத்தினரின் சேமிப்பு சூதாட்டப் பணம் அன்று.

ஆகையால்தான் பொதுத்துறைக் கம்பெனியின் துணை வேண்டும் என்கிறோம். பெருமுதலும் பொறியியல் அறிவும் அதனிடம் உள்ளன. நிலமும் உள்ளூர் நம்பிக்கையும் சங்கங்களிடம் உள்ளன. காற்று நிறைந்த ஊர்களில் அத்தகைய கம்பெனி காற்றாலை நிறுவும்போது, அதன் மூலதனத்தில் ஒரு பகுதியை உள்ளூர்க் கூட்டுறவுச் சங்கங்களுக்கென ஒதுக்கி வைப்பதை விதியாக்க வேண்டும். நிலத்தைத் தனித்தனியே கிரயம் வாங்காமல், சங்கத்தின் வாயிலாகக் குத்தகைக்கு எடுத்து, குத்தகைத் தொகையின் ஒரு பங்கைச் சங்கத்தின் பங்குத் தொகையாகக் கழித்துக்கொள்ளலாம். அப்போது குடியானவர் கையிலிருந்து ரொக்கம் போடாமலே பங்காளியாகிறார். தறிக்கூடங்களுக்கும் பாசனப் பம்புகளுக்கும் பயன்படும் மின்சாரத்தில் அந்தப் பங்கு எவ்வளவு என்பதை ஆண்டுதோறும் பேரவையில் கணக்கு வைக்கலாம். கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் அரசாங்கம் தரும் இலவச யூனிட்டுகள் நல்லவையே. 2023இல் அவை உயர்த்தவும்பட்டன. எனினும் சலுகை பெறுவது வேறு. உடைமை பெறுவது வேறு.

அங்கத்தினர்களுக்கு நமது வேண்டுகோள் இரண்டு. காற்றாலைக்கென நிலம் கேட்டு வருவோரிடம் சங்கத்தைக் கலந்துகொள்ளாமல் கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டாம். அடுத்த பேரவையில் இப்பொருளை விவாதத்துக்கு எடுத்து, தீர்மானம் நிறைவேற்றி, மாநில அரசாங்கத்துக்கும் மத்திய எரிசக்தித் துறைகளுக்கும் அனுப்புங்கள். ஒரு சங்கத்தின் தீர்மானம் கோப்பில் உறங்கிவிடும். நூறு சங்கங்களின் தீர்மானத்தை உறங்க வைப்பது கடினம். எண்ணெய் நிலத்தடியில் இருந்தபோது அதை அறிந்தவர் எடுத்துக்கொண்டனர். காற்றோ நம் கூரையின் மேலேயே வீசுகிறது. அதை அறிந்திருந்தும் அயலார் கையில் விட்டுவிட்டால், பின்னர் எந்தச் சட்டமும் அதை நமக்கு மீட்டுத் தராது.