ஏற்ற வேளை எப்போது?



கட்டுகஸ்தோட்டைப் பக்கமிருந்து எங்கள் ஜெபக்கூட்டத்துக்கு வரும் தாய் ஒருவர் இருக்கிறார். 1977 கலவரத்துக்குப் பின் மலைநாட்டிலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறிய குடும்பம். 2009இல் யுத்தத்தின் கடைசி நாட்களில் மகன் காணாமற்போனான். பிறகு உறவினரை நம்பி மறுபடி இங்கே வந்து சேர்ந்தார்.

ஒருநாள் கூட்டம் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டார். "கர்த்தருடைய வேளைக்குக் காத்திருங்க என்று எல்லாரும் சொல்லுறீங்க, மகள். அப்ப நான் பிள்ளையத் தேடி அலையிறது விசுவாசக் குறைவா?"

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அந்தச் சொல்லை அவருக்கு முதலில் சொன்னவள் நான்தான்.

அன்றிரவு பெத்தானியாவின் மார்த்தாளை நினைத்தேன். சகோதரன் லாசரு வியாதியாயிருக்கிறான் என்று ஆள் அனுப்பியும் இயேசு உடனே வரவில்லை. அவர் வந்தபோது லாசருவைக் கல்லறையில் வைத்து நாலு நாள். மார்த்தாள் வாய் மூடி இருக்கவில்லை. எதிரே போய்த் தன் மனத்தாங்கலை அவரிடமே சொன்னாள். இயேசு அவளைக் கடிந்துகொள்ளவில்லை. மரியாள் அழுததைக் கண்டு தாமும் அழுதார்.

இன்னொரு பெண்ணும் நினைவுக்கு வந்தாள். நியாயம் கேட்டு, அநீதியுள்ள நீதிபதியின் வாசலுக்குத் திரும்பத் திரும்பப் போன விதவை. சோர்ந்துபோகாமல் ஜெபிப்பதற்கு இயேசு காட்டிய உதாரணமே அவள்தான். அந்த நீதிபதி செய்த தாமதத்தைக் கடவுளின் வேளை என்று அவர் சொல்லவில்லை.

நம் கண்டியில் தொடங்கும் ஏ9 வீதியில்தான் கிளிநொச்சியும் இருக்கிறது. அங்கே கந்தசுவாமி கோவில் முன்பாக 2017 பெப்ரவரி 20இல் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் பதில் கேட்டு அமர்ந்தார்கள். சில நாட்களில் வவுனியாவிலும் அமர்ந்தார்கள். வருடங்கள் ஓடின. பதில் கிடைக்காமலே கண்மூடிய தாய் தகப்பன்மார் பலர். இதைக் கர்த்தருடைய வேளை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இது மனிதர் செய்த தாமதம்.

அப்படியானால் காத்திருத்தல் என்பது என்ன? நம்மால் முடிந்ததைச் செய்துவிட்டு, முடியாததை அவர் கையில் கொடுப்பது. நேரத்துக்குச் சாப்பிடுவதும், மருந்து எடுப்பதும், வீட்டிலிருக்கும் மற்றப் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பதும் அதிலே அடங்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மரணச் சான்றிதழ் எடுக்க மனம் வராத சகோதரிகள் உண்டு. ஆள் காணாமற்போயிருப்பதை மட்டும் உறுதிசெய்யும் சான்றிதழைப் பெற 2016ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்திருக்கிறது. அதை எடுப்பதால் பிள்ளை இறந்துவிட்டான் என்று ஒப்புக்கொண்டதாகாது. தேடுவதையும் அது நிறுத்தாது. உங்கள் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். தனியே போகப் பயமாயிருந்தால் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அந்தத் தாயோடு நானும் போனேன். வாங்கில் நெடுநேரம் இருந்தோம். மகன் சின்ன வயதில் செய்த குறும்புகளை அவர் சொல்லிக்கொண்டிருந்தார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த முறை அவருக்கு நான் புத்தி சொல்லவில்லை.

கர்த்தாவே, எங்கள் பிள்ளைகளின் பெயர்களை நீர் அறிவீர். பதில் வரும்வரை கேட்டுக்கொண்டிருக்க எங்களுக்குப் பெலன் தாரும். ஆமென்.